செயலாளரின் ஆண்டறிக்கை: ஏரியும் ஆகாயத்தாமரையும்

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் அடுத்துப் படிப்பார். தெருவிளக்கு, நாய்த்தொல்லை, குப்பை வண்டி பற்றிக் கொடுத்த மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன, வேண்டுவோர் பார்த்துக்கொள்ளலாம். மீதி அறிக்கை முழுக்க ஏரியைப் பற்றியது. இந்த ஆண்டு நமக்குள் அதிகம் வாக்குவாதம் நடந்ததும் அதை வைத்துத்தான்.

மழைக்கு முன்பு பொக்லைன் வைத்து ஆகாயத்தாமரையை வாரினோம். ஒப்பந்தக்காரர் வாரியதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார். முதல் மழையில் பாதி மறுபடியும் தண்ணீருக்குள் சரிந்தது. தை பிறப்பதற்குள் மதகுப் பக்கம் பச்சை மூடிவிட்டது. அப்போதுதான் "களைக்கொல்லி அடித்துவிடலாம்" என்ற யோசனை வந்தது. செயற்குழு பெரும்பான்மையாக அதை மறுத்தது. காரணத்தைச் சொல்ல வேண்டியது என் கடமை.

நம் உறுப்பினர்களில் பூச்சியியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிறு காலை எங்களைக் கரைக்கு அழைத்துப் போய் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் மேல்தோல் சுரண்டப்பட்ட சின்னச் சின்னத் தழும்புகள். விரியாத குருத்திலையைப் பிரித்தால் உள்ளே சாம்பல் பழுப்பில் கூன்வண்டு. பகலில் ஒளிந்து இரவில்தான் மேயுமாம். காம்பைக் கீறினால் குருத்தை நோக்கித் துளைத்துக்கொண்டு போகும் வெள்ளைப் புழு. வேரில் மிளகு அளவுக்கு ஒரு உருண்டை. புழு வேர் இழைகளால் கட்டிக்கொண்ட கூடு அது. தண்ணீருக்கு அடியில்தான் கூட்டுப்புழுப் பருவம் கழிகிறது.

நான் கவனித்தது வேறு. பல தழும்புகளைச் சுற்றிக் கறுத்த வளையம் படர்ந்திருந்தது. அது பூஞ்சாணம். நல்ல இலையின் மெழுகுத்தோலைத் தாண்டி உள்ளே போவது அதற்கு எளிதல்ல. வண்டு தோலைச் சுரண்டியதும் வழி கிடைத்துவிடுகிறது. புழு குடைந்த காம்பில் தண்ணீர் ஏறி, அழுகல் குருத்துவரை போய்ச் செடி அமிழ்கிறது. இந்தச் செடியைத் தாக்கும் ஆல்டர்னேரியா ஐக்கார்னியே என்ற பூஞ்சாணத்தை 1970-இல் இந்தியாவிலிருந்துதான் விவரித்தார்கள். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் ராட்மன் நீர்த்தேக்கத்தில் செர்கோஸ்போரா ராட்மனி கண்டறியப்பட்டது. பூஞ்சாணத்தை மட்டும் தெளித்தால் போதவில்லை என்பதும் அங்கே தெரிந்தது. ஓர் இலை கருகுவதற்குள் செடி வேறு இலை விட்டுவிடும். வண்டும் சேர்ந்தால்தான் செடி தளர்கிறது.

"அந்த வண்டு நம் கீரைப் பாத்திக்கு வராதா?" என்று கேட்டவர்களுக்கு: இந்தக் கூன்வண்டில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு இனங்கள் உண்டு, நியோக்கெட்டினா என்பது அவற்றின் பொதுப்பெயர். இரண்டையும் பயிர்ச்செடிகளில் சோதித்துப் பார்த்த பிறகுதான் 1980-களின் தொடக்கத்தில் பெங்களூரில் முதலில் விட்டார்கள். ஆகாயத்தாமரை இல்லாமல் அவற்றின் வம்சம் வளராது. களைக்கொல்லியை மறுத்ததும் அதனால்தான்: செடி முழுக்கச் செத்தால் வண்டும் போய்விடும்.

ஆனால் வண்டை நம்பிக் கைகட்டி உட்கார முடியாது. பலன் தெரிய இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1990-களின் கடைசியில் ஆகாயத்தாமரை சரிந்ததற்கு வண்டு எவ்வளவு காரணம், எல் நினோ (பசிபிக் கடல் சூடேறி வானிலை மாறுவது) கொண்டுவந்த மழை எவ்வளவு காரணம் என்று இன்னும் விவாதிக்கிறார்கள். நம் ஏரியில் கழிவுநீர் கொண்டுவரும் தழைச்சத்துதான் பெரிய சிக்கல். தழைச்சத்து வண்டுக்கும் நல்லதே. பப்புவா நியூ கினியாவில் சல்வீனியா என்ற மிதவைக் களையைத் தின்னும் கூன்வண்டு ஊன்றுவதற்காக யூரியாவே போட்டிருக்கிறார்கள்! நம் ஏரிக்கு வருவதோ வண்டின் வேகத்தையும் மீறிச் செடியை வளர்க்கும் அளவு. மூன்று தெருக்களின் கழிவுநீர் இன்னும் மழைநீர் வடிகாலில்தான் விழுகிறது. நம் உறுப்பினர் வீடுகள் சிலவும் அதில் சேர்த்தி என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

ஏரி ஓரம் உயரமாக வளரும் சம்புப் புல்லைக் கொளுத்தச் சொல்லியும் ஒரு கடிதம் வந்தது. காய்ந்து நிற்கும் சம்பு இலை செத்துக் கிடக்கும் குப்பை அல்ல. இரவுப் பனியில் நனைந்ததும் அதற்குள் இருக்கும் பூஞ்சாணம் விழித்து இலையின் நார்ப்பகுதியைச் சிதைக்கிறது. வெயில் ஏறினால் அடங்கிவிடுகிறது. அப்படி மெத்தென்று ஆன இலை தண்ணீரில் விழுந்தால் பூச்சிப் புழுக்களுக்குத் தீனி. புழுக்கள் மீனுக்கும் பறவைக்கும். நம் உபரி நீர் போய்ச் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022 முதல் ராம்சார் தலம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்பதையும் நினைவூட்டுகிறேன். கொளுத்துவதில்லை என்று முடிவாயிற்று. நடைபாதை ஓரம் மட்டும் அறுக்கப்படும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்கள்: களைக்கொல்லி கூடாது. ஆகாயத்தாமரையை ஒரேயடியாக வாராமல் பட்டை பட்டையாக வாரி, வண்டு பிழைக்க ஒரு பட்டையை மூங்கில் தடுப்புக்குள் விட்டுவைக்க வேண்டும். வாரியதை அன்றே கரையிலிருந்து அப்புறப்படுத்தாவிட்டால் ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை கிடையாது. வடிகாலில் கழிவுநீர் விடும் வீடுகளின் பட்டியலை, நம் உறுப்பினர் வீடுகளையும் சேர்த்தே, அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசித் தீர்மானத்துக்குச் செயற்குழுவில் இருவர் எதிர்ப்புத் தெரிவித்துள்ளனர். எனவே கை உயர்த்தி வாக்கெடுப்பு நடத்தத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளவும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்