தலைகீழாக நிற்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் 'ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் ஏன் விழுவதில்லை?' என்ற கேள்விக்கு, 'தலைகீழாக நின்றாலும் புவியீர்ப்பு பிடித்துக்கொள்வதால் விழுவதில்லை' என்று பதில் போட்டிருந்தீர்கள். "அப்போ அவங்களுக்கு ரத்தமெல்லாம் தலைக்கு இறங்கிடாதா தாத்தா?" என்று கேட்டாள் என் பேத்தி. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு வந்த சந்தேகம் உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குமா வரவில்லை?

நான் 38 வருடம் கொத்து வேலை பார்த்தவன். அதில் பாதி ஏற்காட்டில். அங்கே சமதரை ஏது? சரிவில் எழுப்பிய சுவர் பார்க்கிறவர் கண்ணுக்குச் சாய்ந்த மாதிரிதான் தெரியும். ஒரு வீட்டுக்காரர், "மேஸ்திரி, சுவர் படுத்துடுச்சு" என்று கூலியை நிறுத்திவிட்டார். நூலில் கட்டித் தொங்கவிடும் தூக்குக்குண்டை விட்டுக் காட்டினேன். உச்சியில் நூலுக்கும் சுவருக்கும் என்ன இடைவெளியோ அதேதான் அடியிலும். அப்புறமும் பாதிப் பணம்தான் வந்தது, அதை விடுங்கள்.

அந்தக் குண்டு காட்டுவது பூமியின் நடுப்பகுதியை. சுமார் 6,370 கிலோமீட்டர் ஆழம். அந்தப் பக்கம் கீழே, அதற்கு எதிர்ப்பக்கம் மேலே, அவ்வளவுதான். சிட்னியில் ஒரு கொத்தனார் குண்டு விட்டாலும் அது அவர் காலடியைத்தான் காட்டும். சேலத்துக் குண்டும் சென்னைக் குண்டும்கூட ஒரே வாக்கில் தொங்குவதில்லை. ஏறக்குறைய இரண்டரை டிகிரி விலகும். ஆக, சென்னையில் இருக்கும் நீங்கள் எங்கள் கணக்கில் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாற்காலி சறுக்குகிறதா?

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிறதே சில்வர் ஓக், அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். உங்கள் பதில்படி இங்கே வேர் மேலாக வளர்ந்திருக்க வேண்டும். அதுவோ மிளகுக்கொடியைச் சுமந்துகொண்டு, சரிவிலும் தூக்கு பிசகாமல் நிற்கிறது. கடம்பம்பூ உருண்டையைச் சுற்றிலும் பூவிதழ்கள் மூடியிருப்பதுபோல பூமியைச் சுற்றிலும் உயிர்கள் இருக்கின்றன என்று ஆரியபட்டர் சொல்லி 1,500 வருடம் ஆகிறது. கடம்பம்பூவில் தலைகீழாக இருக்கும் இதழ் எது, சொல்லுங்கள் பார்ப்போம்.

வடக்கு மேலே என்பதும் வரைபடம் போடுகிறவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம்தான். 1972இல் நிலவுக்குப் போன அப்பல்லோ 17 விண்கலத்திலிருந்து எடுத்த பூமிப் படத்தில் தென்துருவம்தான் மேலே இருந்தது. அச்சில் அதைத் திருப்பிப் போட்டார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

இந்தப் பக்கத்தைப் பற்றி இது என் மூன்றாவது கடிதம். ஒன்று வரவே இல்லை. இன்னொன்று பாதி வெட்டுப்பட்டு வந்தது. மே மாதமானால் எங்கள் மலையை 'ஏழைகளின் ஊட்டி' என்று எழுதுகிறீர்கள். ஒருமுறை அறை வாடகையை விசாரித்துவிட்டு எழுதுங்கள், ஐயா.

அடுத்த ஞாயிறு இரண்டு வரியில் திருத்தம் போடவும். அப்படியே, குறுக்கெழுத்துப் புதிரின் விடையையும் நேராக அச்சிட்டால் நல்லது. டீக்கடையில் நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேஸ்திரி,
கன்னங்குறிச்சி, சேலம்.