மயக்க மருந்துக்குப் பயப்படாதே

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. இந்த வருஷம் மிளகு நன்றாகக் காய்த்திருக்கிறது என்று படித்ததும் சந்தோஷம். ஆனால் பித்தப்பை ஆபரேஷனை இனியும் தள்ளிப்போடாதே. கத்தியை விட மயக்க மருந்துக்குத்தான் பயம் என்கிறாய். எனக்கும் அதே பயம் இருந்தது. அதனால்தான் மயக்க டாக்டரை விடாமல் கேள்வி கேட்டேன்.

பால் நிறத்தில் ஒரு மருந்து, புரொபோஃபால் என்று பெயர், கை நரம்பில் ஏறும்போது கொஞ்சம் எரியும். ஒரு நிமிஷத்துக்குள் நினைவு போய்விடும். தூங்குகிறவனைக் கிள்ளினால் விழித்துக்கொள்வான். இதில் விழிக்க முடியாது. தசைகளைத் தளர்த்தவும் மருந்து கொடுப்பதால் மூச்சுக்குழாயில் ஒரு குழாயை இறக்கி, மெஷின்தான் மூச்சு கொடுக்கும். ரத்த அழுத்தம் இறங்கும். இமை தானாக மூடியே இருக்காது என்பதால் அதற்கும் பிளாஸ்திரி. படிக்கப் பயமாக இருக்கிறதா? இத்தனையையும் கவனிக்கவென்றே ஒருவர் தலைமாட்டில் கடைசிவரை இருக்கிறார், முருகேசா. சர்ஜன் பித்தப்பையைப் பார்ப்பார். இவர் உன் மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருப்பார். அது புரிந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

விழிக்கும்போது குளிரும். மயக்கத்தில் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்சூடு தோலுக்கு வந்துவிடுவதால், முதல் ஒரு மணி நேரத்திலேயே உடம்பின் உள்சூடு ஒரு டிகிரி வரை குறையலாம். ஏற்காட்டு மார்கழிக்குப் பழகிய உடம்பும் நடுங்கும். கம்பளி கேள், கொடுப்பார்கள். குழாய் இருந்ததால் தொண்டை வலிக்கும். சிலருக்குக் குமட்டலும் உண்டு. எல்லாம் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

அப்புறம் உன் காபி. பொதுவாகத் திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை குடிக்கலாம். பால் சேர்த்த காபி சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். ஒரு வாய்தானே என்று குடித்துவிடாதே. மயக்கத்தில் விழுங்குகிற, இருமுகிற காவல் எதுவும் வேலை செய்யாது. வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்து. சர்க்கரை மாத்திரை, ஆடுகிற பல், குறட்டை, பீடி எதையும் டாக்டரிடம் மறைக்காதே. பீடியை இன்றைக்கே விட்டால் இன்னும் நல்லது.

வீட்டுக்கு அனுப்பியதும் உடனே மலை ஏற வேண்டாம். குமட்டலோடு இருபது கொண்டை ஊசி வளைவு யாருக்கும் ஆகாது. நம் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. தேதி முடிவானதும் போன் பண்ணு, ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன்.

அன்புடன்,
சண்முகம்