வைகை கடலைத் தொடும் இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர்

மதுரைக் கல்லூரிகளின் தாவரவியல், நுண்ணுயிரியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நானும் உங்களிடம் படித்தவன்தான். இப்போது ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். உங்களிடம் ஒரே கோரிக்கை: வைகையின் கழிமுகத்தில் வாழும் நீலப்பச்சைப் பாசியையும் அதைத் தாக்கும் வைரஸையும் உங்கள் மாணவர்கள் மாதாமாதம் போய்ப் பார்க்க வேண்டும்.

எம்.எஸ்சி. படித்தபோது இதையே ப்ராஜெக்டாகக் கேட்டேன். "கடல் சமாச்சாரம் நம்ம ஊருக்கு எதுக்குப்பா?" என்று சொல்லி வேறு தலைப்பைக் கொடுத்துவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பாசி என்று சொல்லிப் பழகிவிட்டோம்; உண்மையில் அவை வெயிலில் உணவு தயாரிக்கும் பாக்டீரியா. போன கோடையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கண்மாயில் ஒரு பாட்டில் மொண்டு வந்து ஜன்னலில் வைத்தேன். கலங்கலாக இருந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கீழே தெளிந்தது. மேலே பச்சை பெயின்ட் ஊற்றியது போல ஏடு கட்டியது. அது மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. உடம்புக்குள் காற்றறைகள் இருப்பதால் மிதந்து வந்துவிடும். அதில் சில வகைகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கின்றன, கொதிக்க வைத்தாலும் அது போகாது. கடல் பக்கம் போனால் சைனெகோகாக்கஸ் என்ற இன்னொரு வகை இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரம் பேர் வரிசையாக நிற்கலாம், அவ்வளவு சிறிசு.

இந்தக் கூட்டத்தைத் தாக்கும் வைரஸை சயனோபேஜ் என்கிறோம். அமெரிக்காவில் சாஃபர்மேனும் மோரிஸும் 1963-இல் முதன்முதலாக அதை அறிவித்தார்கள். அவர்களுக்கு அது கிடைத்தது கடலில் அல்ல, ஒரு கழிவுநீர்க் குட்டையில். அப்புறம் 2003-இல் வந்த செய்திதான் என்னை உலுக்கியது: சைனெகோகாக்கஸைத் தாக்கும் ஒரு வைரஸுக்குள் ஒளிச்சேர்க்கைக்கான மரபணு இருந்தது! ஒளியை வாங்கும் இயந்திரத்தில் டி1 என்றொரு புரதம் உண்டு. வெயில் பட்டுப்பட்டு அது சீக்கிரம் பழுதாகும். செல் ஓயாமல் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். வைரஸ் உள்ளே புகுந்ததும் செல்லின் சொந்த வேலைகள் அடங்கிவிடும். டி1 நின்றால் ஒளிச்சேர்க்கையும் நிற்கும், வைரஸ் தன் குஞ்சுகளைப் பெருக்கச் சக்தி இருக்காது. அதனால் அடுப்பு அணையாமல் இருக்க, டி1-ஐச் செய்யும் மரபணு என்ற விறகைத் தானே கொண்டுவருகிறது. வீட்டுக்காரன் சாகும்வரை உலை கொதித்தாக வேண்டுமே.

சரி, வைகை ஏன்? மற்ற ஆறுகள் போல அது எப்போதும் கடலைத் தொட்டுக்கொண்டிருப்பதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் விழும். மிஞ்சினால்தான் ஆற்றங்கரை ஊர்ப் பக்கம் பாக் விரிகுடாவில் சேரும். மாதக்கணக்கில் உப்பு மட்டுமே இருக்கும் இடத்துக்கு ஒரு மழைக்காலத்தில் நன்னீர் பாய்கிறது. கண்மாய்ப் பாசியும் கடல் பாசியும், இரண்டின் வைரஸ்களும் அங்கே ஒரே நீரில். எது பிழைக்கும், யார் யாரைத் தாக்குவார்கள்? கூட வரும் மாணவர் பாட்டிலை முக்கினால் தெரியத் தொடங்கும்.

பெரிய கருவிகளும் வேண்டாம். 0.2 மைக்ரான் வடிகட்டியில் தண்ணீரை விட்டால் பாக்டீரியா பெரும்பாலும் தங்கிவிடும், வைரஸ் இறங்கிவிடும். அந்த நீரைப் பாசியோடு கலந்து, கூழ் போல உறைந்த அகார் தட்டில் வளர்த்தால், பச்சைப் பரப்பில் ஆங்காங்கே கண்ணாடி போலத் துளைகள் விழும். ஒவ்வொரு துளையும் ஒரு வைரஸில் தொடங்கியது. கடல் நீலப்பச்சைப் பாசிகளுக்கான தேசிய மையம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது, தட்டில் வளர்க்க வேண்டிய பாசியை அங்கே கேட்கலாம்.

இந்தக் கார்த்திகையில் பெரிய கண்மாய் மறுகால் பாய்ந்தால், வண்டி ஏற்பாடு என்னுடையது. ஐஸ் பெட்டியும் கொண்டுவருகிறேன். மாணவர்களை மட்டும் அனுப்புங்கள்.