உப்பா, நல்ல தண்ணீரா?

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போன வாரம் போனில் "படகுக்குள் தண்ணீர்" என்று பாதியில் விட்டதில் அம்மா பயந்துபோனதாகத் தங்கச்சி சொன்னாள். பயப்பட ஒன்றுமில்லை. முழுக் கதையையும் எழுதுகிறேன், உங்களுக்குப் பிடிக்கும்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவரும் நானும் சேர்ந்து பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கினோம் அல்லவா, 8 மீட்டர் நீளம், ஃபைபர் உடம்பு. வந்த புதிதில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் கிடந்த எனக்கு, ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்க வைத்தது இந்தப் படகுதான். அதனால்தான் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

தரைப்பலகையைத் தூக்கினால் அடியில் ஒரு பள்ளம் இருக்கும், பில்ஜ் என்பார்கள். எங்கே ஒழுகினாலும் தண்ணீர் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். அதில் மிதவை வைத்த பம்ப் ஒன்று உண்டு, தண்ணீர் ஏறினால் தானே ஓடி இறைத்துவிடும். அதனாலேயே வெகுநாள் எங்களுக்கு விஷயம் தெரியவில்லை. பேட்டரி அடிக்கடி இறங்குகிறதே என்று பார்க்கப் போய்த்தான், பம்ப் நாள் முழுக்க விட்டுவிட்டு ஓடுவதே தெரிந்தது. பேட்டரி தீர்ந்தால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கும். நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

முதல் வேலை, தண்ணீரை விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது. எண்ணெய் மினுமினுத்தாலோ, எஞ்சின் கூலன்ட் போலப் பச்சையாகத் தெரிந்தாலோ வைக்கக் கூடாது. உப்புக் கரித்தால் கடல் தண்ணீர், அதாவது அடிப்பக்கத்து ஓட்டை, வால்வு, எஞ்சினைக் குளிர்விக்கும் குழாய், இப்படி ஏதோ ஒன்று. உப்பில்லை என்றால் மழை, அல்லது குடிதண்ணீர் டேங்க். எங்களுடையது கரித்தது.

பில்ஜைத் துளி ஈரமில்லாமல் துடைத்துவிட்டு ஒவ்வொரு குழாயின் அடியிலும் டிஷ்யூ பேப்பர் விரித்துவைத்தோம். அரை மணியில் பின்பக்கத்துக் காகிதம் நனைந்தது. எஞ்சினிலிருந்து, தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் விசிறிக்குப் போகும் தண்டு படகைத் துளைத்து வெளியே போகும் இடம் அது. உள்ளே கிரீஸ் தடவிய கயிறு சுற்றி, நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். தண்டு சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு வரத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிவிடும். நின்ற பிறகு வரக் கூடாது. எங்களுக்கு நின்ற பிறகும் விநாடிக்கு ஒரு சொட்டு. கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் ஆகிறது, அப்பா! நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, எஞ்சினை ஓட்டி, நிறுத்தித் தண்டு சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்து, மறுபடி திருகி, ஒருவழியாக நின்றது.

சரி, முடிந்தது என்று இருந்தோம். மழை பெய்த மறுநாள் போனால் பில்ஜில் மறுபடி தண்ணீர். இந்தத் தடவை உப்பில்லை.

இதுதான் எங்களைப் படுத்தியது. படகின் உள்சுவர் இரட்டையாக இருப்பதால், முன்னால் நுழைந்த தண்ணீர் இடுக்கு வழியாக ஓடிப் பின்னால் வந்து சொட்டும். நம் வீட்டுக் கூரை ஒழுகியபோது நீங்கள் சொட்டு விழும் இடத்தை விட்டுவிட்டு, கைமரத்தைத் தடவிக்கொண்டே மேலே மேலே போனீர்களே, அது ஞாபகம் வந்தது. அலமாரிப் பலகைகளைக் கழற்றி, உள்ளே சாக்பீஸ் பொடியைத் தூவிவிட்டு, ஒருவர் மேலே ஒவ்வோர் இடமாகக் கீழிருந்து மேல்நோக்கித் தண்ணீர் ஊற்ற, நான் டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு ஊற்றினார், ஒன்றுமில்லை. மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பியின் குத்துக்காலுக்கு வந்தபோது, வெள்ளைப் பொடியில் நூல் போல ஒரு கோடு மெல்ல இறங்கியது. அதைப் பார்த்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

குத்துக்காலின் போல்ட்டைச் சுற்றிய பசை காய்ந்து வெடித்திருந்தது. மேல்தளம் இரண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவில் பால்சா என்ற லேசான மரம் வைத்துச் செய்தது. அந்த மரம் ஊறினால் உளுத்துப்போகும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன், எங்கும் கணீரென்று கேட்டது, போல்ட்டைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு மட்டும் சத்தம் அமுங்கியது. அந்த அளவோடு பிழைத்தோம். ஊறிய மரத்தைச் சுரண்டி எடுத்து, காயவிட்டு, எப்பாக்சி என்ற, இறுகிக் கல்லாகும் பசையை ஊற்றி அடைத்து, அதிலேயே புதிதாகத் துளை போட்டு, தண்ணீர் புகாமல் ஒட்டும் பியூட்டைல் டேப் வைத்து இறுக்கினோம். இனி அந்தத் துளையில் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

அப்புறம், அம்மாவிடம் சொல்லுங்கள், படகின் அடியில் குழாய்களுக்காகப் போட்ட ஓட்டைகளை மூடித் திறக்கும் ஒவ்வொரு வால்வு பக்கத்திலும் அந்தந்த ஓட்டைக்குச் சரியான மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். குழாய் அறுந்தால் உடனே அடித்துச் செருக வேண்டும். நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் உள்ளே வரும், எங்கள் சின்ன பம்ப் அதற்குக் காணாது.

சனிக்கிழமை மழை இருக்கும் என்கிறார்கள். குத்துக்காலுக்கு அடியில் புது டிஷ்யூ வைத்திருக்கிறேன். மழை விட்டதும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன் பண்ணுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்