தங்கம் வாங்கவில்லை, பங்கு வாங்கினேன்

யாங்கோன், பர்மா

அன்புள்ள செல்லையா,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபிக்காதே. வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மேஸ்திரி இன்னும் அதே சைக்கிளில்தான் வருகிறாரா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகன் குமார் பெகுவில் கடலை எண்ணெய் மில் வைத்திருக்கிறான். நான் அதில் பணம் போட்டுவிட்டேன், கடனாக இல்லை, பங்காக. கம்பெனி பதிவாகிவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு என் பெயரில். நீ இப்போதே தலையில் கை வைத்திருப்பாய். காசு கையில் தங்கினால் உடனே தங்கமாக்கிப் பெட்டியில் பூட்டு என்பதுதானே உன் ஒரே உபதேசம்!

உன் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். 1964இல் அரசாங்கம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றதும் உன் அப்பா பட்ட பாடு ஊருக்கே தெரியும். 1987இல் 25, 35, 75 போனபோது நாமே பார்த்தோம். 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு சொந்தப் பணத்தை எடுக்க நானும் வங்கி வாசலில் வரிசையில் நின்றேன். இவ்வளவு பட்டவர்கள் தங்கத்தை நம்புவதில் ஆச்சரியமில்லை. ஆனால் செல்லையா, பெட்டியில் கிடக்கிற தங்கம் ஒருவனுக்கும் வேலை தராது, ஒரு படி எண்ணெய் ஆட்டாது.

மில்லைப் போய்ப் பார்த்தேன். மகுவேயிலிருந்து கடலை மூட்டை வந்து இறங்குகிறது. குமார் ஒவ்வொரு மூட்டையிலும் கைவிட்டு, ஒரு பருப்பை எடுத்துப் பிளந்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறான். ஈரம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறான். புண்ணாக்கை மாட்டுக்காரர்கள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு போகிறார்கள். கணக்கு நோட்டில் முதல் வரி ஜெனரேட்டர் டீசல்தான், கரண்ட் அடிக்கடி போய்விடுகிறதே. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் பாமாயில் வருகிறது. 2021 தொடக்கத்தில் 1,300 கியாட் சொச்சத்துக்குக் கிடைத்த டாலர் விலை இன்று எங்கேயோ ஏறிவிட்டது, வெளியிலிருந்து வருகிற எண்ணெயும் அதோடு ஏறுகிறது. அதனால் இங்கேயே ஆட்டுகிற எண்ணெய்க்கு இடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டவன் அவன். அதை எந்த அதிகாரியும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

ஏன் கடனாகக் கொடுக்கவில்லை என்று கேட்பாய். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே மொகல் தெருவில் வட்டிக்குப் பணம் கொடுத்த செட்டியார்களை நினைத்துப் பார். ஐராவதி டெல்டாவில் காடாகவும் சேறாகவும் கிடந்த நிலம் நெல்வயலானது அவர்கள் பணத்தால்தான். குடியானவன் பக்கமே திரும்பாத வெள்ளைக்கார வங்கிகளிடம் பணம் வாங்கி அவனிடம் சேர்த்ததும் அவர்கள்தான். உலகத்திலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடாக பர்மா ஆனதில் அந்த முதலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவ்வளவும் கடன். 1930க்குப் பிறகு நெல் விலை பாதிக்கும் கீழே போனபோது பட்ட கடன் அப்படியே நின்றது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 ஆக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 ஆகிவிட்டது. அவர்கள் கேட்டது பணம், வந்தது நிலம். நிலம் போனவன் வயிறு எரிந்தான். 1948இல் நிலத்தை தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. கடைசியில் குடியானவனுக்கும் நஷ்டம், செட்டியாருக்கும் நஷ்டம்.

பங்கு அப்படியில்லை. கடலை விலை காலை வாரினால் குமாரோடு எனக்கும் அடிதான். நன்றாக ஓடினால் எனக்கும் வரும். மாதம் பிறந்ததும் வட்டி எங்கே என்று அக்கா வீட்டு வாசலில் நான் போய் நிற்க வேண்டாம்.

1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு எந்தத் தொழிலில் முதல் போடுவது என்பதை மேலிடம் ஒன்றே தீர்மானித்தது. அடுத்த வருடமே வங்கிகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின, பிறகு கடைகளும் போயின. நாம் அரசாங்கம் நடத்திய மக்கள் கடை வரிசையில் நின்று வளர்ந்தோம். அரிசியால் பெயர் பெற்ற நாடு 1987 டிசம்பரில் உலகத்தின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது. தப்பாகக் கணித்தவன் பாக்கெட்டிலிருந்து ஒரு காசும் போகாது என்றால், யார் பருப்பைத் தேய்த்துப் பார்ப்பார்கள்?

சூலே பகோடா சாலையில் பழைய ரிசர்வ் வங்கிக் கட்டடத்தில் பங்குச் சந்தை வந்ததே, 2016 மார்ச் 25இல் முதல் வியாபாரம் நடந்ததே, அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இன்றும் அங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள்தான். போட்ட பணத்தை நாளைக்கு யாரும் பிடுங்க மாட்டார்கள் என்ற தைரியம் மக்களுக்கு வராமல் அந்தப் பலகை நிறையாது. அது வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார எனக்கு மனமில்லை. தெரிந்த பையன், கண்ணால் பார்க்கிற தொழில், அங்கிருந்து தொடங்குகிறேன்.

குமார் இரண்டாவது மெஷின் வாங்க இன்னொரு பங்காளி தேடுகிறான். பெட்டியை முழுக்கக் காலி செய்யாதே. போனாலும் உன் சாப்பாடு குறையாத அளவுக்கு மட்டும் போடு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் காட்ட வேண்டும் என்று அவனிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். தையில் வா. மில்லைப் பார், நோட்டைப் புரட்டு, உன் வழக்கமான குறுக்கு விசாரணையையும் நடத்து. அதற்கு முன் சரசு அண்ணியிடம் கேட்டு எழுது. பெட்டிச் சாவி அவர்கள் இடுப்பில்தானே இருக்கிறது.

அன்புடன்,
முத்தையா