இருட்டில் ஓடிய எலிகள்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. ஒரு ஜீனின் வேலையைத் தெரிந்துகொள்ள எலியில் அதை நீக்கிப் பார்ப்பார்கள், அவ்வளவுதானே என்று எழுதியிருக்கிறாய். அதுவும் ஒரு வழிதான். ஆனால் எதை நீக்குவது என்று முதலிலேயே ஓர் ஊகம் வேண்டுமே? எனக்குப் பிடித்தது ஊகமே வேண்டாத வழி: கண்ட இடத்தில் ஜீன்களைக் கெடுத்துவிட்டு, எந்தக் குட்டி வித்தியாசமாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது.

கெடுப்பதற்கு இஎன்யூ என்று ஒரு ரசாயனம். எலிகளில் அதைவிட வீரியமாகத் திடீர்மாற்றம் உண்டாக்குவது வேறில்லை என்று 1979-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வில்லியம் ரஸ்ஸல் காட்டினார். ஊசி போட்ட ஆண் எலி சில வாரம் மலடாகிக் கிடக்கும், அப்புறம் தேறிவிடும், ஆனால் அதற்குப் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் டிஎன்ஏவில் வேறு வேறு பிழைகளோடு வரும்.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜோசப் தகாஹாஷி குழு, உடலின் உள் கடிகாரத்தை நடத்தும் ஜீனைத் தேடி, இப்படிப் பிறந்த 300-க்குச் சற்று அதிகமான எலிகளை முழு இருட்டில், ஆளுக்கொரு ஓட்டச் சக்கரத்தோடு வைத்துக் கவனித்தது. வெளிச்சமே இல்லாவிட்டாலும் எலி தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் ஓடத் தொடங்கும். அதன் 'நாள்' 24 மணிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே ஒரு எலிக்கு மட்டும் கிட்டத்தட்ட 25 மணி! அந்த ஜீனின் கெட்டுப்போன பிரதியையே தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற வாரிசுகளுக்கு 27, 28 மணி வரை நீண்டு, கடைசியில் ஒழுங்கே குலைந்துவிட்டது. 1994-ல் அறிவித்து 'கிளாக்' என்று பெயர் வைத்தார்கள். ஜீன் கையில் சிக்க 1997 ஆயிற்று, அதுதான் உண்மையான பாடு. நல்ல ஜீன் இருக்கும் டிஎன்ஏ துண்டைச் செலுத்தியதும் பழுதான எலிகளின் நேரம் சரியானது, அதோடு இந்த ஜீன்தானா என்ற சந்தேகமும் தீர்ந்தது.

300 எலிக்குள் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். ஒரு பிரதி கெட்டாலே தெரிகிற மாற்றமாக இருந்ததால் முதல் தலைமுறையிலேயே பிடிபட்டது. இரண்டு பிரதியும் கெட்டால்தான் தெரிகிற ஒடுங்கு பண்பாக இருந்திருந்தால் மூன்று தலைமுறை வளர்த்திருக்க வேண்டும். இன்று டிஎன்ஏ வரிசையைப் படித்தே பிழையைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் எலியைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வேலை மட்டும் குறையவில்லை.

சரி, அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், நீயும் லீவு போட்டுவிடு.

அன்புடன்,
ரவி