டிராகுலா சிரிக்கவே இல்லை, மாப்ளே

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது, அம்பாசமுத்திரம் பக்கம் கார் நடவும் முடிந்துவிட்டது. உன் தங்கச்சி உன்னை ரொம்ப விசாரித்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேரன் லேப்டாப்பில் ஒரு படம் போட்டுக் காட்டினான். 'டிராகுலா: டெட் அண்ட் லவ்விங் இட்', 1995-இல் மெல் புரூக்ஸ் எடுத்தது. பழைய ரத்தக்காட்டேரிப் படங்களை நக்கலடிக்கும் படம். லெஸ்லி நீல்சன்தான் டிராகுலா. வந்தபோது சரியாக ஓடவில்லை, விமர்சகர்களும் கழுவி ஊற்றினார்கள். புரூக்ஸ் அதற்கப்புறம் சினிமா இயக்கவே இல்லை. எனக்கோ மனதார பிடித்துப்போனது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

விருந்தில் டிராகுலாவும் கதாநாயகி மினாவும் ஜோடியாக ஆடுகிறார்கள். அவன் யாரென்று கண்டுபிடிக்க ஒரு பெரிய கண்ணாடியைத் திறந்து காட்டுகிறார்கள். காட்டேரிக்குத்தான் கண்ணாடியில் உருவம் விழாதே! அதில் மினா மட்டும் ஒற்றையாகச் சுழல்கிறாள், யாரும் பிடிக்காமலே சாய்கிறாள், எழும்புகிறாள். சபை வாயடைத்து நிற்கிறது. நீல்சன் முகத்தைப் பார்க்க வேண்டும் மாப்ளே! சிரிப்பின் சாயல்கூட இல்லை. பரம்பரைப் பிரபு என்ற மிடுக்கோடு ஆட்டத்திலேயே குறியாக இருக்கிறார். அந்த இடத்தில் நம்மைப் பார்த்து ஒரு தடவை கண்ணடித்திருந்தால் மொத்தமும் போச்சு.

அப்புறம், காட்டேரியாகிவிட்ட லூசியைக் கொல்ல அவள் நெஞ்சில் மர ஆப்படிக்கும் காட்சி. காட்டேரியை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காக புரூக்ஸே நடிக்கிறார். ஆப்பை மினாவைக் கட்டப்போகும் ஹார்க்கரிடம் கொடுத்துவிட்டு, தான் மட்டும் பதமாகத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறார். ஒரே அடி, பம்புசெட் குழாய் திறந்ததுபோல ரத்தம் பாய்கிறது. ஹார்க்கர் தலையோடு கால் நனைந்து நிற்க, 'இன்னும் சாகவில்லை, இன்னொன்று போடு' என்கிறார் வான் ஹெல்சிங். பெலா லுகோசி நடித்த 1931 படத்தில் ஆப்படிப்பது திரையில் தெரியவே தெரியாது. ஒரு முனகல்தான் கேட்கும். அன்றைக்குத் திரைக்கு வெளியே ஒளித்து வைத்ததை இவர் வாளி வாளியாகக் கொட்டிக் காட்டுகிறார். மூலப்படத்தை ரசித்து ரசித்துப் பார்த்தவனுக்குத்தான் இந்த இடம் கண்ணில் படும்.

இயக்குநர் கொப்போலாவின் 1992 டிராகுலா படத்தில் டிராகுலாவின் நிழல் தனியாக நடமாடும். இங்கே அது எசமான் பேச்சைக் கேட்காமல் திரிகிறது. அதில் டிராகுலாவாக நடித்த கேரி ஓல்டுமேனுக்கு வைத்திருந்த அந்த விசித்திரமான வெள்ளைக் கொண்டையை நீல்சன் தொப்பியாகக் கழற்றி வைக்கிறார். பேரன் அங்கே விழுந்து விழுந்து சிரித்தான்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். எந்த வியாதிக்கும் எனிமா கொடுக்கச் சொல்லும் டாக்டர் முதல் தடவை சிரிப்பு, பிறகு சலிப்பு. புரூக்ஸின் 1974 படம் 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' இதைவிட உயர்ந்தது, அதில் சந்தேகமில்லை. அந்தப் படத்துக்காக 1931 ஃபிராங்கன்ஸ்டைன் படத்தின் ஆய்வுக்கூடச் சாமான்களையே தேடி எடுத்துப் பயன்படுத்தினார்கள். மதிப்பில்லாதவன் அவ்வளவு மெனக்கெடுவானா?

பயந்து மதிப்பதையே கேலி செய்வது நமக்குப் பழகிய சங்கதிதான். நம்மூர்க் காவல்சாமி சுடலைமாடனின் கொடைத் திருவிழாவில், சாமத்தில், கூத்து நடத்தும் கணியான் கையைக் கீறி ரத்தம் கொடுப்பதைச் சின்ன வயதில் நாம் நடுங்கிக்கொண்டு பார்த்தோமே. அதே ராத்திரி, அதே கூத்தில், கதையைப் பாடி நடத்தும் அண்ணாவி நடுவே நக்கலடித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். பெண்வேஷம் கட்டியவர்களும் விடமாட்டார்கள். மாடனுக்கு அதனால் மரியாதை ஒரு இம்மி குறைந்ததில்லை. வேட்டைக்கு சாமி சுடுகாட்டுப் பக்கம் கிளம்பியதும், சிரித்த வாய் எல்லாம் மூடிக்கொள்ளும். பயம் உள்ளே இருந்ததால்தான் அந்தச் சிரிப்பு அவ்வளவு பெரிதாக வந்தது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. இந்தக் காலத்துப் பேய்க் காமெடிகள் பலவற்றில் பேயைக் கண்டு எடுத்தவருக்கே பயமில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

நீயும் பார். ஆனால் இதை முதலில் போட்டுவிடாதே. 1922-இல் வந்த ஊமைப்படம் 'நோஸ்ஃபெராட்டு'வில் ஆரம்பி. வெயில் பட்டால் காட்டேரி சாகும் என்பது அதில் வந்ததுதான். இதற்கெல்லாம் மூலமான ஸ்டோக்கரின் 1897 டிராகுலா நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். அடுத்து லுகோசி. அவர் இழுத்து இழுத்துப் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டால் நீல்சன் பேச்சு இரண்டு மடங்கு ருசிக்கும். எசமான் டிராகுலாவைக் காப்பாற்ற ஓடும் அடிமை ரென்ஃபீல்டே கூரைக் கதவைத் திறந்து வெயிலை உள்ளே விடுவதும் அப்போதுதான் சுருக்கென்று உறைக்கும்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதே. கடைசிப் பேச்சு யாருடையது என்று டிராகுலாவும் வான் ஹெல்சிங்கும் படம் முழுக்க மல்லுக்கட்டுவார்கள். தீர்ப்பு அங்கேதான் வருகிறது. பார்த்ததும் எழுது.

உன் பழைய பெஞ்சுக்காரன்